வாக்குப்பெட்டி வரலாறு – 19: ஆலிஸ் ஊரின் பதின்மூன்றாம் பெட்டி

சென்ற வாரம் 1941 ஜூன் மாத இடைத்தேர்தலோடு நிறுத்தியிருந்தோம். அமெரிக்க செனட்டில் டெக்சஸ் மாநிலத்துக்கு உரிய இடங்களில் ஒன்றுக்கு நடந்த தேர்தல் அது. வாக்குப்பதிவு முடிந்த இரவில் முன்னணியில் இருந்தவர் லிண்டன் ஜான்சன், 32 வயது இளைஞர். அவர் ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த சில நாள்களில் கிழக்கு டெக்சஸ் கிராமங்களிலிருந்து 'திருத்திய கணக்கு' என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியில் 1,311 வாக்கு வித்தியாசத்தில் ஆளுநர் ஓடேனியல் வென்றதாக அறிவித்தார்கள்.

ஜான்சன் செய்த பிழை ஒன்றே ஒன்று. தனக்குச் சாதகமான தென் டெக்சஸ் கணக்குகளை முதல் இரவே வெளியிட வைத்துவிட்டார். தனக்கு எத்தனை வாக்கு என்பதை எதிராளிக்குத் தெரியப்படுத்திவிட்டால், எத்தனை தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டதாகத்தானே அர்த்தம். ஓடேனியல் மதுவிலக்குக்காரர். அவர் ஆளுநர் நாற்காலியில் இருப்பதைவிட வாஷிங்டனுக்குப் போய்த் தொலைந்தால் நல்லது என்று மது வியாபாரிகள் விரும்பினார்கள். அவர் போனதும் துணை ஆளுநராக இருந்த கோக் ஸ்டீவன்சன் ஆளுநரானார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே செனட் இடத்துக்கு ஜான்சனும் ஸ்டீவன்சனும் நேருக்கு நேர் நின்றார்கள். அந்தத் தேர்தல்தான் இந்த வாரம்.

நம் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை முதலில் விளக்க வேண்டும். அன்றைய டெக்சஸில் நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்ததிலிருந்து தெற்கு மாநிலங்களில் குடியரசுக் கட்சிக்கு வேர் கிடையாது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர் பதவிக்கு வந்தாயிற்று என்று பொருள். அது கட்சி நடத்தும் தேர்தல்தான் என்றாலும் சாதாரணப் பொதுமக்களே அதில் வாக்களிப்பார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று நடக்கும்.

பொதுமக்கள் என்றால் எல்லா மக்களும் அல்ல. 1944 வரை கறுப்பின மக்கள் அந்த உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கவே முடியாது. ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லோனி ஸ்மித் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிப் பெற்ற தீர்ப்புதான் அந்தக் கதவைத் திறந்தது. கதவு திறந்தாலும் வாசலில் கட்டணம் இருந்தது. அதன் பெயர் வாக்கு வரி. தலைக்கு 1 டாலர் 75 சென்ட் வரை. தேர்தல் நடப்பது ஜூலையில். வரியை ஜனவரி 31-க்குள் கட்டி ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்யும் குடும்பம், ஆறு மாதம் கழித்து வரப்போகும் ஒரு தேர்தலுக்காகக் கைக்காசை எடுத்துக் கட்டுமா? கட்டவில்லை. அவர்களுக்காக வேறு ஆள் கட்டினார். கட்டியவர் கையிலேயே ரசீதும் இருந்தது, வாக்கும் இருந்தது. இந்த ரசீதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் நடந்தது அத்தனைக்கும் அதுதான் வேர்.

கோக் ஸ்டீவன்சனுக்கு அப்போது 60 வயது. மரக்கட்டைகளால் கட்டிய குடிசையில் பிறந்தவர். 16 வயதில் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றிக் கரடுமுரடான மலைப்பாதையில் ஓட்டிப் பிழைத்தவர். ராத்திரியில் தானாகவே சட்டம் படித்து வக்கீலானவர். சட்டமன்ற சபாநாயகர், துணை ஆளுநர், ஆளுநர் என்று படிப்படியாக ஏறியவர். எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார். கேள்வி கேட்டால் குழாயில் புகையிலையை நிரப்பிக்கொண்டே யோசிப்பார். காப்பி ஆறும் வரை பதில் சொல்லாதவர் என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. தேர்தலுக்கு அவர் வந்த விதமும் அப்படித்தான். பழைய பிளிமத் காரில் மருமகனோடு ஊர் ஊராகப் போவார். நீதிமன்றச் சதுக்கத்தில் இறங்கி நாலு பேரோடு கை குலுக்குவார். அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். வாக்குறுதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. என்னைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய பிரசாரம்.

அவரை உத்தமராகவும் ஜான்சனை வில்லனாகவும் நிறுத்திப் பல புத்தகங்கள் வந்துவிட்டன. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1942-இல் டெக்சர்கானா நகரில் வில்லி வின்சன் என்ற கறுப்பின இளைஞரைக் கும்பல் ஒன்று மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே இழுத்துப் போய்க் கொன்றபோது மாநில ஆளுநர் இதே ஸ்டீவன்சன்தான். குற்றவாளிகளைப் பிடிக்க அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஜான்சனும் அந்த விஷயத்தில் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. 1948 மே மாதம் ஆஸ்டினில் பிரசாரத்தைத் தொடங்கிய கூட்டத்திலேயே, ஜனாதிபதி ட்ரூமனின் சிவில் உரிமைத் திட்டத்தை வெறும் கபட நாடகம் என்று தாக்கிப் பேசினார். பின்னாளில் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே மனிதர்தான் அன்று இப்படிப் பேசினார்.

ஜான்சன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இளையவர். 1937 முதல் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர். செனட்டுக்கு நிற்பதற்காக அந்த இடத்தைக் கைவிட்டார். தோற்றால் அரசியலை விட்டே போக வேண்டியதுதான். பணத்துக்குக் குறைவில்லை. ஹூஸ்டனின் பிரவுன் அண்ட் ரூட் கட்டுமான நிறுவனத்தார் அவருக்குப் பின்னால் நின்றார்கள். குறைவாக இருந்தது நேரம்தான். பிரசாரம் தொடங்கிய வேகத்தில் சிறுநீரகக் கல் வந்து படுத்துவிட்டார். விமானி ஜாக்குலின் காக்ரன் தன் சொந்த விமானத்தில் ஏற்றி மயோ மருத்துவமனையில் கொண்டு சேர்த்தார். அறுவை இல்லாமலே கல்லை எடுத்தார்கள். இழந்த நாள்களை ஈடுகட்ட ஜான்சன் கையில் எடுத்தது ஹெலிகாப்டர்.

1948-இல் டெக்சஸ் கிராமத்து ஜனங்களில் பெரும்பாலோர் ஹெலிகாப்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. முதலில் ஒரு சிக்கோர்ஸ்கி, பிறகு சிறிய பெல் ரகம். அடியில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். வயலுக்கு மேலே வட்டமிடும்போது வானத்திலிருந்து குரல் வரும். தொகுதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்த ஊர்க்காரர்களின் பெயர்ப்பட்டியல் மடியில் இருக்கும். அந்த ஊருக்கு மேலே பறக்கும்போது அவர்கள் பெயரைச் சொல்லியே வணக்கம் சொல்வார். இறங்கப் போகும் நேரத்தில் தன் தலையிலிருந்த ஸ்டெட்சன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தின் நடுவே வீசுவார். அதைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவர முன்கூட்டியே ஓர் ஆள் நிற்பான்; நல்ல தொப்பி விலை அதிகம். 'ஜான்சன் நகரத்துக் காற்றாலை' என்று அந்த இயந்திரத்துக்கு ஜனங்கள் பெயர் வைத்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வெயிலில் காத்திருந்தார்கள். வேட்பாளர் வானத்திலிருந்து இறங்கிவந்து கை கொடுப்பது புதுமைதானே.

ஜூலை 24 முதல் சுற்று. ஸ்டீவன்சன் 4,77,077. ஜான்சன் 4,05,617. மூன்றாவதாக வந்த ஹூஸ்டன் வக்கீல் ஜார்ஜ் பெடி 2,37,195. எழுபதாயிரத்துக்கு மேல் பின்தங்கியவர் ஐந்தே வாரத்தில் எட்டிப் பிடிக்க வேண்டும். ஜான்சன் ஓயவில்லை. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்துக்கு அவர் காங்கிரஸில் ஆதரவாக வாக்களித்திருந்தார். அந்தச் சட்டத்தைப் பற்றி ஸ்டீவன்சன் வாயே திறக்கவில்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்போ ஸ்டீவன்சனை ஆதரித்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது என்று ஜான்சன் ஊர் ஊராக முழங்கினார். தவறான குற்றச்சாட்டுக்குக்கூட உடனே பதில் சொல்லும் பழக்கம் ஸ்டீவன்சனுக்கு இல்லை. காப்பி ஆறுவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

ஆகஸ்ட் 28, சனிக்கிழமை, இரண்டாம் சுற்று. ஜான்சனுக்கு நாற்பது வயது முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது.

இங்கே கொஞ்சம் தெற்கே போக வேண்டும். மெக்சிகோ எல்லையை ஒட்டிய கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மெக்சிக வம்சாவளி மக்களே பெரும்பான்மை. ஆங்கிலம் தெரியாது, பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாட்டுப் பண்ணையிலும் காய்கறித் தோட்டத்திலும் கூலி வேலை. அவர்களுடைய 'பட்ரோன்', அதாவது எஜமான், ஜார்ஜ் பார். டூவல் கவுண்டியின் பிரபு என்று பத்திரிகைகள் எழுதும். தந்தை ஆர்ச்சி பார் கட்டிய சாம்ராஜ்யம் மகன் கைக்கு வந்தது. பார் சரளமாக ஸ்பானிஷ் பேசுவார். வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டிக்குப் பணம் தருவார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துச் செலவு பார்ப்பார், வேலை போனால் கவுண்டி சாலைப் பணியில் சேர்த்துவிடுவார். அரசாங்கம் என்ற ஒன்று அந்த மக்களின் வீட்டுப் படியேறி வந்தது அவருடைய உருவத்தில் மட்டும்தான். பதிலுக்கு அவர் கேட்டது தேர்தல் நாளன்று ஒரு சாயங்காலம். வாக்கு வரி ரசீதை அவருடைய ஆள்கள் வைத்திருப்பார்கள். துப்பாக்கியை இடுப்பில் செருகிய கவுண்டிக் காவலர்கள் சாவடி வாசலில் நிற்பார்கள்.

பார் வருமான வரி வழக்கில் 1930-களில் சிறைக்குப் போய்வந்தவர். 1946-இல் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். முந்தைய தேர்தல்களில் இதே பார் ஸ்டீவன்சனுக்கு ஒருதலையாக வாக்குகளைக் கொட்டியவர்தான். அந்த வாக்குகளை ஸ்டீவன்சன் அன்று வேண்டாம் என்று சொல்லவில்லை. உறவு முறிந்தது லாரெடோ நகர அரசு வழக்கறிஞர் பதவியால். பார் தரப்பு சொன்ன ஆளை ஆளுநர் நியமிக்கவில்லை. 1948-இல் டூவல் கவுண்டி ஜான்சனுக்கு நாலாயிரத்துக்கு மேல் கொடுத்தது. ஸ்டீவன்சனுக்குக் கிடைத்தது நாற்பது.

முடிவுகளை எண்ணி அறிவிக்க அன்று அரசு அமைப்பு எதுவும் இல்லை. பத்திரிகைகள் சேர்ந்து டல்லஸ் நகரில் நடத்திய டெக்சஸ் தேர்தல் அலுவலகத்துக்கு ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் தொலைபேசியிலும் தந்தியிலும் எண்கள் வரும். அதிகாரபூர்வமான கணக்கை ஒரு வாரம் கழித்து அந்தந்தக் கவுண்டியின் கட்சிக் குழு சான்றளிக்கும். அந்த ஒரு வார இடைவெளியில்தான் எல்லாம் நடக்கும். சனிக்கிழமை இரவு ஸ்டீவன்சன் முன்னிலை. ஞாயிற்றுக்கிழமை ஜான்சன். திங்கள்கிழமை மறுபடி ஸ்டீவன்சன். சில நூறு வாக்குகளுக்குள் முள் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. பத்து லட்சத்தை நெருங்கும் வாக்குகள். வித்தியாசம் ஒரு தெருவின் ஜனத்தொகை. இரண்டு தரப்பு ஆள்களும் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. இந்த முறை தன் தெற்கத்திக் கணக்கை முதல் இரவே கொட்டிவிட ஜான்சன் விடவில்லை.

செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை. வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள். டூவலை ஒட்டியிருந்த ஜிம் வெல்ஸ் கவுண்டியின் தலைநகர் ஆலிஸ். அங்கிருந்து திருத்தம் ஒன்று வந்தது. பதின்மூன்றாம் வாக்குச்சாவடியில் ஜான்சனுக்குக் கிடைத்தது 765 இல்லையாம், 965-ஆம்.

எண்ணிக்கைத் தாளைப் பார்த்தவர்கள் பிறகு சொன்னதைக் கேளுங்கள். ஏழு என்று எழுதியிருந்த இடத்தில் மேலே இடதுபக்கம் ஒரு வளைவைச் சேர்த்து மூடினால் ஒன்பது. பேனாவை ஒருமுறை சுழற்றினால் இருநூறு வாக்கு. ஆனால் தாளில் எண் கூடினால் போதாது. வாக்களித்தவர்களின் பெயர்ப்பட்டியலிலும் அத்தனை பெயர் ஏற வேண்டும். ஏறின. மொத்தம் 202 பெயர்கள். 200 பேர் ஜான்சனுக்கு, 2 பேர் ஸ்டீவன்சனுக்கு.

அந்தத் திருத்தம் மாநிலக் கணக்கையே புரட்டிவிட்டது. இறுதிக் கணக்கு: ஜான்சன் 4,94,191, ஸ்டீவன்சன் 4,94,104. வித்தியாசம் 87.

ஸ்டீவன்சன் ஆலிஸுக்குக் கிளம்பினார். கூடவே ஒரு பழைய சிநேகிதரை அழைத்துக்கொண்டார். ஃபிராங்க் ஹேமர். டெக்சஸ் ரேஞ்சர் படையில் பேர் போன ஆள். 1934-இல் பானி–கிளைட் என்ற கொள்ளை ஜோடியை லூசியானாவில் மறைந்திருந்து வீழ்த்திய குழுவின் தலைவர். ஓய்வு பெற்றிருந்தார், அறுபதைத் தாண்டியிருந்தார். ஆனாலும் அவர் பெயரைக் கேட்டால் எல்லை முழுக்கத் தெரியும். பட்டியல் ஆலிஸ் நகர வங்கியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. வங்கிக்குப் போகும் தெருவில் பாரின் ஆள்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள், கையில் துப்பாக்கி. ஹேமர் முன்னால் நடந்தார். முதல் கும்பலின் முன் நின்று ஒரே வார்த்தையில் கலைந்து போகச் சொன்னார். போனார்கள். வங்கி வாசலை மறித்து நின்ற இரண்டாவது கூட்டமும் விலகி வழிவிட்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

உள்ளே வங்கி அலுவலர் பட்டியலைக் காட்டினார். பிரதி எடுத்துக்கொள்ள விடவில்லை, சில நிமிஷங்கள் பார்க்கத்தான் விட்டார். ஸ்டீவன்சனோடு வந்த வக்கீல்களில் முன்னாள் எஃப்.பி.ஐ. ஆள்களும் இருந்தார்கள், கவனித்துப் பார்க்கப் பழகிய கண்கள். சுமார் 840 பெயர் வரை ஒரு மை. அதற்குப் பிறகு மை மாறுகிறது. எழுத்து எல்லாம் ஒரே கை. பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் வருகின்றன. வாக்களிக்க ஜனங்கள் அகர வரிசையிலா வந்து நிற்பார்கள்? பட்டியலை மூடுவதற்குள் சில பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து எழுதினார்கள். அந்த வீடுகளுக்குப் போய் விசாரித்தார்கள். வாக்களிக்கவே இல்லை என்று சத்தியப் பிரமாணம் செய்தவர்கள் கிடைத்தார்கள். தேர்தல் நாளில் ஊரிலேயே இல்லாதவர்கள் இருந்தார்கள். செத்துப்போனவர்களின் பெயரும் இருந்தது. மாறாத பகுதியின் கடைசி வாக்காளராக வந்தவர், சாவடி மூடுகிற நேரத்தில் தான் போனதாகவும் தனக்குப் பின்னால் யாருமே இல்லை என்றும் சொன்னார்.

நம் ஊரில் கள்ள ஓட்டு என்று சொல்கிறோமே, அதில்கூட ஓர் ஆள் வரிசையில் வந்து நிற்க வேண்டும், விரலை நீட்ட வேண்டும். ஆலிஸில் யாரும் வந்து நிற்கக்கூட இல்லை.

ஜிம் வெல்ஸ் கவுண்டியில் புதிதாகப் பொறுப்பேற்ற கட்சிக் குழு பதின்மூன்றாம் பெட்டியை மறுபடி எண்ணத் தயாரானது. ஜான்சனின் வக்கீல்கள் ஆஸ்டின் நீதிபதியிடம் ஓடி, குழு கூடுவதற்கே தடை வாங்கிவிட்டார்கள். செப்டம்பர் 13, ஃபோர்ட்வொர்த் நகரின் பிளாக்ஸ்டோன் ஹோட்டல். கட்சியின் மாநிலச் செயற்குழு கூடியது. யாரை வேட்பாளராகச் சான்றளிப்பது? மாலை தொடங்கி இரவு வரை கூச்சல். வாக்கெடுப்பு சமனாக நின்று, ஒருவர் மாற, இன்னொருவர் பின்வாங்க, கடைசியில் 29-க்கு 28 என்று ஜான்சன் பெயர் நிறைவேறியது. பத்து லட்சம் பேர் வாக்களித்த தேர்தலின் முடிவு ஒரு ஹோட்டல் அறையில் ஓர் ஆளின் கையில் தொங்கியது. ஜான்சன் பக்கத்துப் பிரசாரத்தை நடத்தியவர் ஜான் கானலி. பின்னாளில் டெக்சஸ் ஆளுநராகி, 1963 நவம்பரில் டல்லஸில் கென்னடி சுடப்பட்டபோது அதே காரில் குண்டடி பட்டவர்.

ஸ்டீவன்சன் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி விட்ஃபீல்ட் டேவிட்சன், ஜான்சன் பெயரை நவம்பர் வாக்குச்சீட்டில் அச்சிடத் தடை போட்டார். பிறகு ஒரு சமரசம் சொல்லிப் பார்த்தார். இருவர் பெயரையும் நவம்பரில் போடுங்கள், மக்களே முடிவு செய்யட்டும். ஸ்டீவன்சன் சரி என்றார். ஜான்சன் மறுத்துவிட்டார். ஜெயித்தவன் நான், மறுபடி ஏன் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். இந்த ஒரு மறுப்பே எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. தான் நேர்மையாக ஜெயித்ததாக நம்பும் வேட்பாளர், அதுவும் அத்தனை பெரிய கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர், இரண்டாவது வாய்ப்பைக் கண்டு பயப்பட வேண்டிய அவசியம் இல்லை.

டேவிட்சன் ஜிம் வெல்ஸ், டூவல், சபாட்டா மூன்று கவுண்டிகளுக்கும் விசாரணை அதிகாரிகளை அனுப்பினார். ஆலிஸ் நீதிமன்றத்தில் சாட்சிகள் கூண்டேறினார்கள். பதின்மூன்றாம் சாவடியின் தலைமை அலுவலர் லூயிஸ் சாலஸ் வந்தார். கேட்ட பட்டியல்கள் இல்லை, காணாமல் போய்விட்டன. பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துத் திறக்க ஆரம்பித்தார்கள்.

வாஷிங்டனில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஜான்சனின் நண்பரும் வக்கீலுமான ஏப் ஃபோர்ட்டஸ் போட்ட திட்டம் துணிச்சலானது. மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரிடம் வேகமாகப் போய், வேகமாகத் தோற்று, நேராக உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக்கிடம் நிற்பது. வாக்குச்சீட்டு அச்சாக நாள் நெருங்கிவிட்டது. நாள் தள்ளினால் வழக்கில் ஜெயித்தும் பயனில்லை. பிளாக் தன் அறையில் இரு தரப்பையும் கேட்டார். மாநிலத் தேர்தலில் கூட்டரசு நீதிபதி தலையிட அதிகாரம் இல்லை என்று சொல்லி டேவிட்சனின் உத்தரவை நிறுத்தினார். ஆலிஸுக்குத் தகவல் போனது. விசாரணை அந்த இடத்திலேயே நின்றது. பதின்மூன்றாம் பெட்டியின் வாக்குச்சீட்டுகளை எந்த நீதிமன்றமும் எண்ணிப் பார்க்கவில்லை. ஓட்டு கள்ளமா நல்லதா என்ற கேள்வியைப் பிளாக் தொடவே இல்லை. தொட வேண்டிய கேள்வி எது என்பதை மட்டும் தீர்மானித்தார். அக்டோபர் தொடக்கத்தில் முழு நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

நவம்பர் 2-இல் குடியரசுக் கட்சியின் ஜாக் போர்ட்டரை ஜான்சன் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். 1949 ஜனவரியில் செனட்டில் நுழைந்தார். 87 வாக்கைச் சொல்லிச் சொல்லியே சகாக்கள் கேலி செய்தார்கள். ஆனால் 1955-இல் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், 1961-இல் துணை ஜனாதிபதி, 1963-இல் ஜனாதிபதி. ஃபோர்ட்டஸை 1965-இல் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தவரும் அவரே.

அந்த 87 வாக்கின் நிழல் நம் அடுப்படி வரை நீண்டது. 1965–66 பஞ்சத்தில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தபோது, கப்பல்களை மாதாமாதம் பார்த்துப் பார்த்து அனுமதித்தவர் ஜனாதிபதி ஜான்சன். விவசாயக் கொள்கையை மாற்றினால்தான் கோதுமை என்று கயிற்றைக் குட்டையாகப் பிடித்தார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனோடு உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போன நம் சி. சுப்பிரமணியம். ஆலிஸ் பட்டியலில் மை மாறாமல் இருந்திருந்தால் அந்த மேஜையின் மறுபுறத்துக்குப் பின்னால் வேறொருவர் இருந்திருப்பார்.

ஸ்டீவன்சன் தன் பண்ணைக்குத் திரும்பினார். ஜனநாயகக் கட்சியை அவர் மன்னிக்கவில்லை. அதன் பிறகு குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர்களையே ஆதரித்தார். 1975-இல் இறந்தார். அதே ஆண்டு, மறுபடி வரி வழக்கில் சிறைக்குப் போக வேண்டிய நிலையில், ஜார்ஜ் பார் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஜான்சன் அதற்கு இரண்டாண்டு முன்பே போய்விட்டார். மூவரும் மறைந்த பிறகு, 1977 ஜூலையில் லூயிஸ் சாலஸ் அசோசியேட்டட் பிரஸ் நிருபரிடம் வாய் திறந்தார். அந்தப் பெயர்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று தெரிந்தே சான்றளித்ததாகவும், பார் சொன்னதால் செய்ததாகவும் ஒப்புக்கொண்டார். ஜனாதிபதியாக இருந்த காலத்தில் ஜான்சனே ஒரு புகைப்படத்தைப் பத்திரிகையாளர் ரானி டக்கரிடம் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு காரின் முன்பக்கத்தைச் சுற்றி ஐந்து ஆண்கள், நடுவே வாக்குப்பெட்டி, அதில் 13 என்ற எண். விளக்கம் கேட்டதற்குச் சிரித்தாரே ஒழிய எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கதையை எழுதிய எல்லோரும் இரண்டு வேட்பாளர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். ஜான்சன் திருடினாரா, ஸ்டீவன்சனும் திருடினாரா, யார் அதிகம் என்று. கிழக்கு டெக்சஸில் ஸ்டீவன்சனுக்காகவும் கணக்குகள் திருத்தப்பட்டதாகப் பேச்சு உண்டு. எனக்கு அந்த 202 பெயர்கள்தான் மனத்தை அறுக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஸ்பானிஷ் பெயர்கள். அவர்களுக்கு முன்னால் முறையாகச் சாவடிக்கு வந்து வாக்களித்த எண்ணூறு பேரையும் சேர்த்தே சொல்கிறேன். தங்கள் வரி ரசீதைத் தாங்களே வைத்துக்கொள்ள முடியாதவர்கள். வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் பெயரில் வாக்கு விழுந்தது. வந்தவருக்கும் வராதவருக்கும் வித்தியாசமே இல்லாத ஓர் ஊரில், இரவில் உட்கார்ந்து 202 பெயரை எழுதியவனுக்கு உறுத்தல் எங்கிருந்து வரும்? ஒரு பெயரைத் திருடுவதற்கு முன்னால் அந்த வாக்கை இருபது முப்பது வருஷமாகத் திருடிப் பழகியிருந்தார்கள்.

கூட்டரசுத் தேர்தல்களில் வாக்கு வரியை 1964-இல் அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது. 1966 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத் தேர்தல்களுக்கான வரியையும் நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தது ஜான்சன் அரசின் நீதித் துறை. 1965-இல் அவர் கையெழுத்திட்ட வாக்குரிமைச் சட்டம் அதற்கு வழி சொல்லியிருந்தது.

ஆனால் அதற்கு முன்பே, வரி இன்னும் அமலில் இருந்த 1963-இல், இதே தென் டெக்சஸில் கீரைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்கள் தங்கள் வரியைத் தாங்களே கட்டினார்கள். ரசீதைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். நகர மன்றத்தின் ஐந்து இடங்களையும் ஒரே நாளில் பிடித்தார்கள். ஊரின் பெயர் கிரிஸ்டல் சிட்டி. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)